கவுண்டரில் குரல் மொழிபெயர்ப்புக் கருவி: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு மொழிபெயர்ப்புக் கருவியை வாங்கி கவுண்டரில் வைத்துவிட்டு, "இனி யார் வந்து எந்த மொழியில் பேசினாலும் சமாளித்துக்கொள்ளுங்கள்" என்று ஊழியர்களிடம் சொல்லிவிடுவது சுலபம். பல இடங்களில் பயிற்சி என்பது அவ்வளவுதான். எந்தப் பேச்சுக்கு இதை எடுக்கலாம், எதற்குத் தொடவே கூடாது, மைக்கைத் திறக்கும் முன் எதிரில் நிற்பவரிடம் என்ன சொல்ல வேண்டும், பேசியதெல்லாம் எங்கே போய்ச் சேருகிறது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. ஏதாவது பிசகினால் கவுண்டரில் நிற்கும் ஆள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓட்டல் ரிசப்ஷன், கிளினிக், வங்கி, கடை, டிக்கெட் கவுண்டர் என்று பொதுமக்கள் வந்துபோகும் எந்த இடத்துக்கும் பொருந்தும்படி இதை எழுதியிருக்கிறேன். பொறுப்பில் இருப்பவர் செய்ய வேண்டியதும் இதில் உண்டு, கவுண்டரில் நிற்பவர் செய்ய வேண்டியதும் உண்டு.

முதலில், கருவிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான கருவிகள் மூன்று வேலைகளை அடுத்தடுத்துச் செய்கின்றன. கேட்ட பேச்சை எழுத்தாக்குகின்றன, எழுத்தை வேறு மொழிக்கு மாற்றுகின்றன, மாற்றியதைக் குரலாகச் சொல்கின்றன. முதல் படியில் தவறாகக் காதில் விழுந்ததை இரண்டாவது படி நல்ல வாக்கியமாக்கிவிடும். மூன்றாவது படி அதைத் துளித் தயக்கமும் இல்லாத குரலில் சொல்லும். தெரியாத மொழியில் தட்டுத்தடுமாறிப் பேசும் மனிதரைப் பார்த்தால் நாமே உஷாராகிவிடுவோம். கருவி தடுமாறுவதே இல்லை, அதனால் அது எப்போது தப்பாகச் சொல்கிறது என்று வெளியே தெரியாது. கீழே சொல்லப்போகும் விதிகளில் பாதி இந்த ஒரு காரணத்தால் வந்தவை.

எதற்குக் கூடாது என்பதை முதலில் எழுதுங்கள்

எந்த மாடல் வாங்கலாம் என்று தேடுவதற்கு முன், உங்கள் கவுண்டரில் ஒரு வாரம் நடக்கும் பேச்சுகளைக் கவனித்து மூன்றாகப் பிரியுங்கள்.

கழிப்பறை எங்கே, எத்தனை மணிக்குத் திறப்பீர்கள், எந்த வரிசையில் நிற்க வேண்டும், இந்த அளவில் சட்டை இருக்கிறதா என்பதெல்லாம் முதல் வகை. தவறினாலும் இன்னொரு தடவை கேட்டுக்கொள்ளலாம். இங்கே கருவியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

புகார், ரீஃபண்ட், முன்பதிவில் மாற்றம், டெபாசிட், கட்டணம் போன்றவை இரண்டாம் வகை. இதில் கருவியைப் பயன்படுத்தலாம், ஆனால் பேசி முடித்ததை எழுத்தில் காட்டி உறுதி செய்ய வேண்டும்.

மூன்றாம் வகைக்குக் கருவியை எடுக்கவே கூடாது. கையெழுத்து வாங்கும் எந்த விஷயமும் இதில் சேரும். கடன் நிபந்தனை, காப்பீட்டு விலக்கு, அறுவை சிகிச்சைக்கான சம்மதம், மருந்தின் அளவு, ஒவ்வாமை பற்றிய கேள்வி, காவல்துறை வரை போகக்கூடிய தகராறு, மனம் உடைந்து அழுதுகொண்டிருப்பவரோடு பேசுவது எல்லாம் இங்கேதான் வரும். இதற்குத் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளர் வேண்டும். நேரில் வர முடியாவிட்டால் தொலைபேசியிலோ வீடியோவிலோ வருபவர் போதும்.

மூன்றாம் வகையைப் பற்றிச் சொன்னால் சிலர் "அவர்தான் சரி என்று தலையாட்டினாரே" என்பார்கள். 2018-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வந்தது. ஸ்பானிஷ் பேசும், ஆங்கிலம் அதிகம் தெரியாத ஓட்டுநர் ஒருவரிடம், காரைச் சோதனை போடலாமா என்று போலீஸ்காரர் கூகுள் டிரான்ஸ்லேட் உதவியோடு கேட்டிருக்கிறார். கிடைத்த அந்தச் சம்மதம் செல்லாது என்று சொல்லி, காரில் கிடைத்த சான்றையே நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. போலீஸுக்கே இந்த நிலை என்றால், கவுண்டரில் வாங்கிய கையெழுத்து எவ்வளவு தூரம் தாங்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவத் துறையில் இது விதியாகவே வந்துவிட்டது. அமெரிக்காவில் கூட்டாட்சி நிதியுதவி பெறும் மருத்துவ நிறுவனங்கள், நோயாளியின் உரிமையையோ சிகிச்சையையோ தொடும் முக்கியமான எழுத்துகளை இயந்திரத்தில் மொழிபெயர்த்தால், தகுதியுள்ள மனித மொழிபெயர்ப்பாளர் அதைச் சரிபார்த்தே ஆக வேண்டும் என்று 2024-இல் விதி வந்தது. காரணம் இல்லாமல் இல்லை. அவசரப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் நோயாளிகளுக்கான அறிவுரைகளை கூகுள் டிரான்ஸ்லேட்டில் போட்டுச் சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2021-இல் வெளியானது. ஸ்பானிஷில் 94 சதவீதம் பொருள் கெடாமல் வந்தது. ஆர்மேனிய மொழியில் 55 சதவீதம்தான். அதற்குப் பிறகு இந்த மென்பொருள்கள் மேம்பட்டிருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆய்வில் கொடுத்தது எழுத்து. கவுண்டரில் கருவிக்குக் கிடைப்பது விசிறிச் சத்தத்துக்கும் வரிசையின் சலசலப்புக்கும் நடுவே வரும் குரல். அதோடு, ஒரு மொழியில் நன்றாக வேலை செய்யும் கருவி அடுத்த மொழியிலும் அப்படியே செய்யும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்களிடம் அதிகம் வரும் மொழிகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே, அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவரை உட்காரவைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கவுண்டருக்குக் கொண்டுவர வேண்டும்.

பேச்சு எங்கே போகிறது

பெரும்பாலான கருவிகளும் செயலிகளும் நீங்கள் பேசுவதை இணையம் வழியாக எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்கு அனுப்பித்தான் மொழிபெயர்க்கின்றன. சிலவற்றில் மொழித் தொகுப்பை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலும் பேசலாம். அதில் தரம் பெரும்பாலும் ஒரு படி குறையும், ஆனால் பேச்சு கருவியைவிட்டு வெளியே போகாது. உங்கள் கருவி எந்த ரகம் என்று கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை உண்டு. விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டுப் பேசிப் பாருங்கள். வேலை செய்யவில்லை என்றால், வாடிக்கையாளர் பேசும் ஒவ்வொரு சொல்லும் மூன்றாவது ஒரு நிறுவனத்தின் கைக்குப் போகிறது என்று அர்த்தம்.

போனால் என்ன என்று கேட்பவர்களுக்கு இரண்டு சம்பவங்கள். 2017-இல் நார்வேயின் ஸ்டாட்டாயில் எண்ணெய் நிறுவனத்தைச் சேர்ந்த பணிநீக்கக் கடிதங்கள், ஒப்பந்தங்கள் போன்றவை கூகுளில் தேடினாலே கிடைக்கின்றன என்று அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனமான என்ஆர்கே கண்டுபிடித்தது. இலவச மொழிபெயர்ப்புத் தளம் ஒன்றில் போட்டவை அவை. 2019 ஆகஸ்டில் இன்னொரு செய்தி வந்தது. ஸ்கைப்பின் மொழிபெயர்ப்பு வசதி வழியாக மக்கள் பேசிய உரையாடல்களின் துண்டுகளை, தரத்தை மேம்படுத்துவதற்காக மைக்ரோசாஃப்டின் ஒப்பந்தப் பணியாளர்கள் காதில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேசியவர்கள் இயந்திரம் மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்துப் பேசியிருப்பார்கள்.

ஆகவே பொறுப்பில் இருப்பவர் செய்ய வேண்டியவை இவை. ஊழியரின் சொந்த போனில் இருக்கும் சொந்தக் கணக்கில் வாடிக்கையாளரின் பேச்சை ஓட்டக் கூடாது. அந்த ஊழியர் வேலையைவிட்டுப் போகும்போது உரையாடல் வரலாறும் அவர் சட்டைப்பையில் போய்விடும். நிறுவனத்தின் கருவி, நிறுவனத்தின் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். செட்டிங்ஸில் வரலாற்றைச் சேமிக்கும் வசதியையும், "சேவையை மேம்படுத்த உதவுங்கள்" என்ற பெயரில் குரலை அனுப்பும் வசதியையும் அணைத்துவிடுங்கள். இலவசத் திட்டத்தில் இவற்றை அணைக்க வழி இல்லையென்றால் அது கவுண்டருக்கான கருவி அல்ல. சேவை தரும் நிறுவனத்தோடு, தரவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், எந்த நாட்டில் வைப்பார்கள், தங்கள் மென்பொருளைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்துவார்களா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், இருந்தாலும் போக்கு ஒன்றுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய பேச்சு தனிநபர் தரவு. உடல்நிலை பற்றிய விவரத்துக்குக் கூடுதல் பாதுகாப்பு உண்டு. உங்களுக்காகத் தரவைக் கையாளும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்தே ஆக வேண்டும். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ பெறும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. கலிஃபோர்னியா போன்ற சில அமெரிக்க மாநிலங்களில், அந்தரங்கமான உரையாடலைப் பதிவு செய்ய அதில் பேசும் எல்லோருடைய சம்மதமும் தேவை. மொழிபெயர்ப்புச் செயலி ஒலியைச் சேமித்தால் அதுவும் பதிவு என்று பார்க்கப்படலாம். உங்கள் ஊர்ச் சட்டத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கவுண்டரில் நிற்பவர் சட்டப்பிரிவுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

மைக்கைத் திறக்கும் முன்

இங்கேதான் ஒரு முட்டுக்கட்டை வரும். கருவியைப் பயன்படுத்தச் சம்மதம் கேட்க வேண்டும், ஆனால் கேட்பதற்கே மொழி தெரியாது. கருவியை வைத்தே கேட்டால், சம்மதம் கிடைப்பதற்கு முன்பே மைக் திறந்துவிடுகிறது. இதற்கு அச்சடித்த அட்டைதான் வழி. உங்களிடம் அதிகம் வரும் மொழிகளில், மனித மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து எழுதி வாங்குங்கள். வாசகம் இப்படி இருந்தால் போதும்:

"உங்களோடு பேச மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்துகிறோம். நீங்கள் பேசுவது மொழிபெயர்ப்புக்காக வேறொரு நிறுவனத்தின் கணினிக்குப் போகும். கருவி தவறு செய்யலாம். வேண்டாம் என்றால் சொல்லுங்கள், வேறு ஏற்பாடு செய்கிறோம்."

கடைசி வரியை எழுதிவிட்டு வேறு ஏற்பாடு எதுவும் இல்லாமல் இருக்கக் கூடாது. மொழிபெயர்ப்பாளரின் தொலைபேசி எண், அந்த மொழி தெரிந்த சக ஊழியர், அச்சிட்ட படிவம் என்று ஏதோ ஒன்று கையில் இருக்க வேண்டும். அட்டையைப் படிக்கத் தெரியாதவர்களும் வருவார்கள். அவர்களுக்கு அதே வாசகத்தை ஒருவர் பேசிப் பதிவு செய்த ஒலியைப் போட்டுக் காட்டலாம்.

அப்புறம் ஸ்பீக்கர். அட்டை, சம்மதம் எல்லாம் சரியாகச் செய்யும் இடங்களில்கூட இது விட்டுப்போகிறது. கிளினிக் ரிசப்ஷனில் ஒருவர் மெல்லிய குரலில், பின்னால் நிற்பவருக்குக் கேட்காதபடி, தன் பிரச்சினையைச் சொல்கிறார். கருவி அதை அறை முழுக்கக் கேட்கும் குரலில் திருப்பிச் சொல்கிறது. வங்கியில் பாக்கித் தொகை, ஓட்டலில் அறை எண், வயது, எல்லாம் இப்படித்தான் வெளியே போகின்றன. வரிசையில் அவருடைய மொழி தெரிந்தவர் யாரும் இல்லாமல் இருக்கலாம், உங்கள் மொழி தெரிந்தவர்கள்தானே நிற்கிறார்கள். ஆகவே ஒலியைக் குறைத்து, திரையைக் காட்டிப் பேசுவதை வழக்கமாக்குங்கள். அந்தரங்கமான விஷயம் என்று தெரிந்தவுடன் தனி இடத்துக்கு அழைத்துப் போங்கள். மைக்கும் அப்படித்தான், எதிரில் இருப்பவரின் குரலோடு பக்கத்தில் நிற்பவரின் பேச்சையும் இழுத்துக்கொள்ளும். அவர் யாரிடமும் சம்மதம் கொடுக்கவில்லை. எப்போதும் திறந்தே இருக்கும் மைக்கைவிட, பொத்தானை அழுத்தினால் மட்டும் கேட்கும் முறையே கவுண்டருக்கு நல்லது.

பேசும் விதம்

கருவியை இருவருக்கும் நடுவில், திரை இருவருக்கும் தெரியும்படி வையுங்கள். கையில் பிடித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள், பேட்டி எடுப்பது போல இருக்கும். பேசும்போது அவர் முகத்தைப் பாருங்கள், கருவியை அல்ல. பொத்தானை அழுத்தி, ஒலி வந்த பிறகு பேசத் தொடங்குங்கள். பலர் அழுத்திக்கொண்டே பேசிவிடுவதால் முதல் சொல் விழாமல் போகிறது. அந்த முதல் சொல் "இல்லை"யாக இருந்தால் கதை கந்தல்.

தமிழில் பேசுபவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கருவி பழகியது பெரும்பாலும் எழுத்துத் தமிழ். நாம் கவுண்டரில் பேசுவது வேறு. இதைப் பாருங்கள்:

"அது வந்து, ரூம் இப்ப ரெடி இல்லீங்க, கொஞ்சம் வெயிட் பண்ணீங்கன்னா ரெண்டு மணி வாக்குல சொல்லிடறேன், இல்லன்னா லக்கேஜ இங்கயே வச்சுட்டு வெளிய போய்ட்டு வந்துருங்க."

நமக்கு இது தெளிவு. கருவிக்கு இதில் எங்கே வாக்கியம் முடிகிறது என்றே தெரியாது. "ரெண்டு மணி வாக்குல" என்பது இரண்டு மணி நேரம் என்று போய்விட வாய்ப்பு அதிகம். இதையே உடைத்துச் சொல்லுங்கள். "உங்கள் அறை இன்னும் தயாராகவில்லை." நிறுத்தி, கருவி சொல்லி முடிக்கட்டும். "அறை மதியம் 2 மணிக்குத் தயாராகும்." நிறுத்துங்கள். "உங்கள் பெட்டிகளை இங்கே வைக்கலாம்." செய்தி வாசிப்பவர் மாதிரி இருக்கிறதே என்று கூச்சமாக இருக்கும், இரண்டு நாளில் பழகிவிடும். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்திதான். நகைச்சுவை, பழமொழி, சாடை எதுவும் வேண்டாம்.

மரியாதையும் இடறும். வேறு மொழியிலிருந்து தமிழுக்கு வரும்போது கருவி சட்டென்று "உனக்கு என்ன வேண்டும்" என்று பேசிவிடும். வாடிக்கையாளர் அப்படிப் பேசவில்லை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பேசியதும் அங்கே எந்தத் தொனியில் போய்ச் சேர்ந்தது என்று தெரியாது, முகம் சுருங்கினால் அதைக் கவனியுங்கள்.

சரிபார்ப்பது எப்படி

அவருடைய மொழி தெரியாமல் எப்படிச் சரிபார்ப்பது என்று புதியவர்கள் கேட்பார்கள். பாதியை உங்கள் மொழியிலேயே சரிபார்க்கலாம். நீங்கள் பேசி முடித்ததும், கருவி கேட்டதாக நினைப்பதைத் திரையில் தமிழில் காட்டும். முதலில் அதைப் படியுங்கள். நீங்கள் சொன்னதும் திரையில் உள்ளதும் ஒன்றாக இல்லை என்றால், அந்த மொழிபெயர்ப்பைப் போகவிடாமல் அழித்துவிட்டு மறுபடி பேசுங்கள். இதற்குச் சில நொடிகள்தான் ஆகும். கவுண்டரில் தெரியும் தவறுகளில் பெரும்பங்கு இந்த முதல் படியிலேயே பிடிபடுகிறது என்பது என் அனுபவம்.

மொழிபெயர்த்ததைத் திருப்பித் தமிழுக்கு மாற்றிப் பார்ப்பதும் ஒரு வழி. ஆனால் திரும்பி வந்தது சரியாக இருந்தாலே எல்லாம் சரி என்று நம்பிவிடாதீர்கள். போகும்போது பிசகியதை வரும்போது நேராக்கிவிடுவதும் உண்டு.

எண்ணையும் தேதியையும் குரலை மட்டும் நம்பி ஒப்படைக்காதீர்கள். தொகையைக் கால்குலேட்டரில் தட்டிக் காட்டுங்கள். "ஒன்றரை லட்சம்", "ரெண்டே கால்" போன்றவற்றைத் தவிர்த்து முழு இலக்கமாக எழுதுங்கள். 3/4 என்று எழுதினால் சிலருக்கு ஏப்ரல் 3, சிலருக்கு மார்ச் 4. காலண்டரைத் திருப்பி விரல் வைத்துக் காட்டுவது எல்லாவற்றையும்விட வேகம். பெயரைக் கருவியிடம் சொல்லவே சொல்லாதீர்கள், அடையாள அட்டையைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பெயருக்கு ஏதாவது பொருள் இருந்தால் கருவி அதையும் மொழிபெயர்த்துவிடும்.

"புரிந்ததா?" என்று கேட்டால் யாரும் தலையாட்டுவார்கள். பின்னால் வரிசை நிற்கும்போது இன்னும் வேகமாக ஆட்டுவார்கள். அதற்குப் பதிலாக, "நாளை எத்தனை மணிக்கு வருவீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் தெரிந்துவிடும்.

எப்போது நிறுத்துவது

ஒரே விஷயத்தை இரண்டு தடவை வேறு வேறு சொற்களில் சொல்லியும் போய்ச் சேரவில்லை என்றால் மூன்றாம் தடவை முயலாதீர்கள். கருவியை ஓரம் வைத்துவிட்டு மனிதரைத் தேடுங்கள். பேச்சு இரண்டாம் வகையிலிருந்து மூன்றாம் வகைக்கு நழுவினாலும் அப்படியே. ரீஃபண்ட் கேட்டு வந்தவர் நடுவே, அந்தப் பொருளால் உடம்பு சரியில்லாமல் போனது என்று சொல்லத் தொடங்கினால், அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். நிறுத்தியதற்காக ஊழியரை யாரும் திட்டக் கூடாது என்பதையும் விதியில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் வரிசை நீளமாக இருக்கும் நாளில் யாரும் நிறுத்த மாட்டார்கள்.

கருவி கைவிட்டதும் கண் போவது கூட வந்த குழந்தையின் மேல். பள்ளிக்கூடத்தில் மொழியைக் கற்றுக்கொண்டு நன்றாகவே பேசும். வழி கேட்பதற்குச் சரி. அம்மாவின் நோயையோ அப்பாவின் கடனையோ பத்து வயதுப் பிள்ளையின் வாயால் சொல்லவைப்பது கூடாது. மேலே சொன்ன அமெரிக்க மருத்துவ விதியும், அவசர நிலை தவிர மற்ற நேரங்களில் குழந்தைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது.

உயிருக்கு ஆபத்து என்றால் இந்த விதியெல்லாம் தலைகீழாகும். கையில் இருப்பதை வைத்துப் பேசுங்கள், கருவியானாலும் சரி, சைகையானாலும் சரி. கூடவே மனித மொழிபெயர்ப்பாளரை அழைக்க ஒருவரை அனுப்புங்கள்.

காது கேளாதவர் வந்தால், கருவியின் திரையில் ஓடும் எழுத்து சிலருக்கு உதவும். சைகை மொழியையே முதல் மொழியாகக் கொண்டவருக்கு அது போதாது. எது வசதி என்று அவரிடமே எழுதிக் கேளுங்கள். திக்கிப் பேசுபவர்கள், வயதானவர்கள், வட்டார வழக்கில் பேசுபவர்கள் ஆகியோரின் குரலையும் கருவி அடிக்கடி தவறவிடும். குறை கருவியுடையது, அவரை "சத்தமாகப் பேசுங்கள்" என்று விரட்டாதீர்கள்.

ஷிப்ட் மாறும்போது

கருவியைச் சார்ஜில் போடுங்கள். திரையையும் மைக் பகுதியையும் துடையுங்கள். காதில் மாட்டும் வகை என்றால் ஒவ்வொருவருக்குப் பிறகும் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வகையே வேண்டாம். உரையாடல் வரலாறு காலியாக இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதில் யார் என்ன பேசினார் என்று எழுதக் கூடாது. எந்த மொழியில், எந்த மாதிரி விஷயத்தில் கருவி தடுமாறியது என்று ஒரு வரி மட்டும் போதும். மாதம் ஒரு முறை மேனேஜர் அதைப் புரட்டினால், எந்த மொழிக்கு அட்டை அடிக்க வேண்டும், எந்த மொழிக்கு ஆள் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். செயலி புதுப்பிக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் செட்டிங்ஸை மறுபடி திறந்து பாருங்கள். அணைத்து வைத்த வரலாற்று வசதி சில நேரம் தானாகவே மறுபடி இயங்கத் தொடங்கியிருக்கும்.